வெள்ளம்விழுங்கி நானில்லையாம்

என் வயதொத்தவர்களே, நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. ஐந்தாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவன். விடியப்புறம் குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்குவதோடு என் காலம் போய்விட்டது. எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் போன கிழமை பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் கீறிக்கொண்டு வந்தான். நெஞ்சு புடைத்த ஒரு வீரன். தோளில் சால்வை மாதிரி ஒன்று காற்றில் பறக்கிறது.

"உது ஆர் மோனை?" என்று கேட்டேன்.

"பகிடி பண்ணுறவையை வெல்லுற வீரன், அப்பப்பா. ரீச்சர் கதை சொன்னவா. ஆர் என்ன சொன்னாலும் நாங்கள் உடைஞ்சு போகக்கூடாதாம்."

நல்ல விஷயம்தான். அந்த ரீச்சரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் மனம் சரியில்லை. கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் சுவாமி முகத்துக்குப் பதிலாக ஒரு வாத்தியாரின் முகம் வருகிறது. அறுபது வயது தாண்டிய பிறகும் ஒரு மனிதனை மன்னிக்க முடியவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் சொன்னாலாவது கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் உருத்திரபுரத்துக்கு அப்பால், வாய்க்கால் போய் முடிகிற பக்கம் இருந்தது. காட்டை வெட்டி, காணி பிரித்து, யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றிய காலம். பள்ளிக்கூடம் என்றால் தென்னங்கிடுகால் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில், அரைச்சுவர், மண் நிலம். சாணி மெழுகிய மறுநாள் உள்ளே போனால் மூக்குக்கு ஒரு குளிர்ச்சி. சிலேட்டைத் துடைக்கக் கோவையிலை பிடுங்கி வைத்திருப்போம். பதினொரு மணிக்குப் பெரிய கிடாரத்தில் பால்மா கரைத்து ஊற்றுவார்கள். அந்தக் கருகல் வாசமும், பேணியின் தகர ருசியும் உங்கள் நாக்கிலும் இன்னும் இருக்கும்.

வந்த சனத்தில் முக்காற்பங்கு யாழ்ப்பாணம். என் தகப்பன், எங்கள் ஐயா, துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்து மனிதர். வன்னிக் குடும்பங்கள் நாலைந்துதான். யாழ்ப்பாணத்தாரின் பிள்ளைகள் வெளுத்த சட்டை போட்டு, எண்ணெய் வைத்து, வகிடு பிரித்து வருவார்கள். நாங்கள் காட்டுச் சனம்.

அதோடு எனக்கு வயிற்றில் காய்ச்சல் கட்டி. வருடத்துக்கு வருடம் நடுக்கக் காய்ச்சல் வந்து வந்து போனதில், இடது விலாவுக்குக் கீழே கல்லுப்போல ஒன்று வளர்ந்து கிடந்தது. கையும் காலும் ஈர்க்கு மாதிரி. வயிறு மட்டும் பூசணி. சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டும் ஒருநாளும் பூட்டுப்பட்டதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டவன் ஓவசியரின் மகன். ஓவசியர் என்றால் வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்து, மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் சொற்படிதான். பயிர் கதிர் தள்ளுகிற நேரத்தில் ஓவசியர் முகம் கோணினால் ஒரு குடும்பம் அந்தப் போகம் பட்டினி. அந்த மனிதரின் மகன் எங்களோடு மூன்றாம் வகுப்பில் இருந்தான். நல்ல உடம்பு, நல்ல நிறம், நல்ல குரல்.

"விலகுங்கோடா, பிள்ளைத்தாச்சி வாறா!" என்பான் நான் வாசலில் கால் வைக்கும்போது. "வாங்கிலை ரெண்டு பேருக்கு இடம் விடுங்கோ!"

"எத்தினை மாசமடா, காட்டான்?" என்பான் அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன்.

"உவன்ரை ஆச்சியைக் கேக்கவேணும். மருத்துவிச்சிக்கு ஆள் அனுப்பியாச்சோ?"

வகுப்பே சிரிக்கும். சில நாட்களில் வரிசையாக வந்து என் வயிற்றில் மேளம் தட்டிவிட்டுப் போவார்கள். நான் வீட்டில் சொன்னதில்லை. ஐயா ஓவசியரிடம் போய் என்ன கேட்பது? எங்கள் காணி வாய்க்காலின் கடைசி. எல்லாரும் பாய்ச்சி மிஞ்சியதுதான் எங்களுக்கு.

அந்தச் சிறுபோகத்தில், கோடைப் பயிர்க் காலத்தில்தான் புது வாத்தியார் வந்தார். வடமராட்சிப் பக்கத்தவர், இளந்தாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று குறி திருநீறு. தேவாரம் பாடினால் வெளியே மாடு மேய்க்கிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வீடு கிடையாது. அதனால் ஓவசியருக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டில், அந்தக் குவாட்டஸில், முன் அறையை அவருக்குக் கொடுத்தார்கள். சாப்பாடும் அங்கேயே.

ஒருநாள் பால் குடிக்கிற நேரம் ஓவசியரின் மகன் தன் பேணிப் பாலை என் வயிற்றில் ஊற்றினான். "உள்ளுக்கை கிடக்கிற பிள்ளைக்கும் பசிக்குமெல்லே!" சூடான பால். நான் ஓடிப்போய்க் கிணற்றுக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தின் கீழ் நின்றேன். பாலைப்பழம் விழுகிற காலம். நிலமெல்லாம் மஞ்சள். காலில் பிசுபிசுவென்று ஒட்டிய பழப்பாலும், வயிற்றில் ஒட்டிய மாப்பாலும், எறும்பு இரண்டையும் தேடி வந்தது.

வாத்தியார் வந்துவிட்டார்.

"ஏன் தம்பி இங்கை நிக்கிறாய்?"

"சும்மா, வாத்தியார்."

"சும்மா நிக்கிறவன்ரை கண் ஏன் சிவந்திருக்கு?"

அவர் தன் சால்வைத் தலைப்பைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து என் வயிற்றைத் துடைத்தார். என் வீட்டு ஆட்களைத் தவிர அந்த வயிற்றை அருவருக்காமல் தொட்ட முதல் மனிதர் அவர்தான். அதை நான் இன்றைக்கும் மறைக்கமாட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரட்டும். ஒரு அலுவல் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடைசியாகச் சமயபாடம். தேவாரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கதை தொடங்கினார். ஒரு ஊரிலே ஒரு பெடியன். பெரிய வயிறு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவனைப் பகிடி பண்ணுவார்கள். அவன் ஒருவரோடும் சண்டைக்குப் போகமாட்டான். குளக்கட்டில் இருக்கிற பிள்ளையாரிடம் போய், "அப்பனே, உனக்கும் வயிறு பெரிசுதானே, உன்னை எல்லாரும் கும்பிடினம், என்னை ஏன் சிரிக்கினம்?" என்று கேட்டான். பிள்ளையார் சிரித்து, "நான் என்ரை வயித்தைத்தான் உனக்கு இரவல் தந்திருக்கிறன். வேலை வரேக்கை தெரியும்" என்றாராம்.

கதையிலே அந்த மாரியில் குளம் நிரம்பிக் கட்டு கசியத் தொடங்கிவிட்டதாம். முந்தின வருடம் எங்கள் பக்கத்துக் குளக்கட்டு ஒன்று உடையப்போய், ஊரே மண்மூட்டை சுமந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். அதனால் கதை கேட்ட பிள்ளைகளின் முகமெல்லாம் வெளிறிப்போயிற்று. கதையில் ஊர்ச் சனம் மரத்தில் ஏறி நின்று கத்துகிறது. அந்தப் பெடியன் போய் உடைப்பின் முன்னால் குப்புறப் படுத்து, வாயைத் திறந்தான். வந்த வெள்ளம் முழுக்க உள்ளே போயிற்று. அவனுக்கு வெள்ளம்விழுங்கி என்று பேர் வந்தது. பிறகு கோடையில் வயல் காய்ந்தபோது தொப்புளைத் திறந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் விட்டானாம். தொப்புள் என்றதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் புதிது.

"பகிடியும் வெள்ளம் மாதிரித்தான் பிள்ளையள்" என்றார் வாத்தியார். "பயந்தவன் மரத்திலை ஏறுவான். வீரன் அதை விழுங்கிப்போட்டு நிப்பான்."

அன்று எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து அவருக்குப் பின்னால் ஓடினேன். வாய்க்கால் கரையில், மதகுக்குப் பக்கத்தில், மருத மரத்தின் கீழ் கல்லுப் பிள்ளையார் ஒருவர் இருந்தார். அவ்விடத்தில் நின்று கேட்டேன்.

"வாத்தியார், வெள்ளம்விழுங்கி ஆர்?"

"ஆர் எண்டு நீ நினைக்கிறாய்?"

"நானோ?"

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து சொன்னார்: "ஓம். நீதான். ஆனா ஒருதருக்கும் சொல்லாதை. உனக்கும் எனக்கும் உந்தப் பிள்ளையாருக்கும் தெரிஞ்சாப் போதும்."

எங்கள் வீட்டில் பிள்ளையாரைச் சாட்சி வைத்த சொல் என்றால் அதற்கு மேல் சத்தியம் இல்லை. தொலைந்த மாட்டுக்காக ஐயா ஒருவரோடு பிணக்குப்பட்டபோது, அந்த மனிதர் பிள்ளையாரைத் தொட்டு "நான் எடுக்கேல்லை" என்றதும் ஐயா அதோடு திரும்பி வந்துவிட்டார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நான். அன்று வீட்டுக்கு நான் நடந்து போனதாக நினைவில்லை. மிதந்துதான் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் எனக்கு நல்ல காலம். ஒவ்வொரு வெள்ளியும் வெள்ளம்விழுங்கிக்குப் புதிதாக ஒரு வேலை வரும். ஒருநாள் காட்டுத்தீயை அணைத்தான். ஒருநாள் வயலுக்குள் வந்த யானைக் கூட்டத்துக்கு வயிற்றிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, குளிக்க வார்த்து அனுப்பினான். இடைவேளையில் பிள்ளைகள் துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு "நான்தான் வெள்ளம்விழுங்கி" என்று தங்களுக்குள் அடிபட்டார்கள். மேளம் தட்டுவது நின்றது. ஒரு பெட்டைப் பிள்ளை என்னிடம் வந்து, "உனக்குத் துண்டு செருகத் தேவையில்லை என்ன?" என்று பொறாமையாகக் கேட்டாள். எனக்குத் தெரியும், பிள்ளையாருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் அரசாங்க வைத்தியரான அப்போதிக்கரி ஐயா மாதத்தில் இரண்டு தரம் வருவார். மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் முன்னே போய்ச் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள். அந்த மணம் சோற்றிலும் இருக்கும். அப்போதிக்கரி பின்னால் வந்து பிள்ளைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, விழுங்கக் குளிசை கொடுப்பார். இந்த முறை என் விலாவை அமுக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கட்டி நல்லாப் பெருத்துப்போச்சு. தவறாமல் குடுங்கோ. ஒழுங்காக் குடிச்சா மாரிக்கு முன்னம் வயிறு வத்திப்போம்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் நினைத்தது வேறு. பிள்ளையார் இரவல் தந்த வயிற்றைக் குளிசை போட்டுக் கரைப்பதா? சுவாமி கேட்டால் என்ன சொல்வேன்? மாரி வரும்போது கட்டு கசிந்தால் ஆர் போய்ப் படுப்பது? குளிசையை வாயில் போடுவேன். அம்மா தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினதும் எடுத்துக் கூரைக் கிடுகுக்குள் செருகிவிடுவேன். கள்ளம் செய்கிறேன் என்று தோன்றவே இல்லை. சுவாமியின் சொத்தைக் காக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாளில் எங்கள் வீடுகளில் பிள்ளையார் ஆள், கதை அல்ல. உங்களுக்கு இது விளங்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை. எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் முறை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் மதகடியில் ஓவசியரின் மகன் நாலு பேரோடு நின்றான். என்னைக் கண்டதும் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தான்.

"வாரும் வெள்ளம்விழுங்கியார்!"

"ஆர் சொன்னது?"

"வாத்தியார்தான். எங்கடை வீட்டிலை சாப்பிடேக்கை ஐயாவுக்குச் சொன்னவர். உன்ரை பானை வயித்தைப் பாத்துத்தான் கதை கட்டினவராம். காட்டுப் பெடியன், தன்னைத்தான் எண்டு மெய்யா நம்பிக்கொண்டு திரியிறானாம். ஐயாவுக்குச் சிரிச்சுப் புரைக்கேறிட்டுது. அம்மா தலையிலை தட்டினவா."

நான் முதலில் சந்தோஷப்பட்டேன். இதை நீங்கள் நம்பவேண்டும். அவர் என்னைத்தான் சொன்னார், அது மெய்தான் என்ற சந்தோஷம். அதற்குப் பின்னால்தான் மற்றது மெதுவாக ஏறியது. மூன்று பேருக்கு மட்டும் என்று சொன்னதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப குடிச்சுக் காட்டு. இந்தத் தண்ணியைத்தானே, ஒரு வாய்க்கால்தானே" என்றான் அவன்.

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் கட்டாயப்படுத்தித்தான் நான் படுத்தேன் என்று சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் நான் நானாகத்தான் படுத்தேன். மருத மரத்துப் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்து, "அப்பனே, இப்பதான் வேலை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மதகின் வாயில் குப்புறப் படுத்து வாயைத் திறந்தேன். சேறும் பாசியும் எருமைச் சாணியும் கரைந்த தண்ணீர். குடித்தேன். மூச்சு முட்டினபோது தலையைத் தூக்கினேன். "இன்னும் வாய்க்கால் ஓடுது, வீரரே" என்று ஒருவன் என் பிடரியில் காலை வைத்தான். பிறகு எனக்குத் தெரிந்தது இருட்டும் மூக்குக்குள் எரிவும்தான்.

சைக்கிளில் கருவாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் நானா ஒருவர்தான் கண்டு இழுத்துப் போட்டார். அவர் சத்தம் கேட்டுப் பெடியன்கள் ஓடிவிட்டார்கள். என்னைப் பெட்டியின் மேல் குப்புறக் கிடத்தி, "வாப்பா, கண்ணை முழி, வாப்பா" என்று சொல்லிச் சொல்லி வீடுமட்டும் தள்ளிக்கொண்டு வந்தார். வழி முழுக்க வாந்தி. அன்று பொழுதுபடவே நடுக்கக் காய்ச்சல் பிடித்துவிட்டது. வீட்டில் இருந்த சாக்கெல்லாம் மேலே போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அம்மா குளிசையோடு வந்தபோது காய்ச்சல் வெறியில் நானே சொல்லிவிட்டேன். கூரைக்குள் கையை விட்டால் அவ்வளவும் அப்படியே இருந்தன.

காய்ச்சல் விட்டதும் ஐயா என் பக்கத்தில் வந்து குந்தினார். அதிகம் பேசாத மனிதர்.

"ஏன் குடிக்கேல்லை?"

எல்லாம் சொன்னேன். பாலை மரத்தடி, கதை, மருத மரத்துப் பிள்ளையார், சாப்பாட்டில் சொன்னது, மதகு, எல்லாம்.

"வாத்தியார் பிள்ளையாரை வைச்சு அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம் ஐயா."

"சரி. கேப்பம்."

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு ஓவசியரின் குவாட்டஸுக்குப் போனார். எனக்குப் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாத்தியார்தான் படிப்பித்திருந்தார்.

ஓவசியர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் வாத்தியார், மடியில் ஒரு புத்தகம். குசினி வாசலில் ஓவசியரின் மனைவி நின்றா. அவவின் சேலைக்குப் பின்னால் மகன். ஐயா முற்றத்திலேயே நின்று சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்ன, தண்ணி காணாதோ?" என்றார் ஓவசியர்.

"தண்ணி அலுவல் இல்லை ஐயா. பிள்ளையின்ரை அலுவல். வாத்தியாரிட்டை ஒண்டு கேக்கவேணும்."

ஐயா மெதுவாக, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மகனின் பேரைச் சொல்லவில்லை, "பெடியள்" என்றுதான் சொன்னார். ஆனால் ஓவசியர் எழுந்து நேராக இருந்துவிட்டார்.

"என்ன வாத்தியார், எங்கடை பெடியன் இவன்ரை பெடியனை வாய்க்காலுக்கை அமத்தினவனாம். உங்கடை கதையாலையோ?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பில் நிற்க இடமில்லை.

வாத்தியார் புத்தகத்தை மூடினார். என்னைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்துச் சொன்னார்:

"அது ஒரு பொதுக் கதை. எல்லாப் பிள்ளையளுக்கும் சொன்னது. ஒருதரையும் நினைச்சுச் சொல்லேல்லை. தம்பி தன்ரை பாட்டிலை ஏதோ நினைச்சிட்டார் போலை."

"நீங்கள் சொன்னனீங்கள், வாத்தியார்!" என்று நான் கத்தினேன். "பிள்ளையாருக்கு முன்னாலை சொன்னனீங்கள், நான்தான் எண்டு!"

"காய்ச்சல்காரப் பிள்ளை" என்றார் வாத்தியார், ஐயாவிடம். "புலம்பும். குறை சொல்ல ஏலாது."

நான் ஓவசியரின் மனைவியைப் பார்த்தேன். அன்றைக்குச் சோறு போட்டவ அவ. புரைக்கேறின மனிதனின் தலையில் தட்டினவ. அவவுக்குத் தெரியும். அவ என் முகத்தைப் பார்த்து, பிறகு நிலத்தைப் பார்த்து, "பெடியன் வெயிலுக்கை நிக்கிறான், ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கட்டே?" என்றா.

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொன்னனியோ?"

என் ஐயா, திருநீறு பூசின ஒரு வாத்தியார் பிள்ளையார் பேரில் பொய் சொல்லுவார் என்று நினைக்கத் தெரியாத மனிதர். ஆகவே பொய் சொன்னது நானாகத்தான் இருக்கவேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை.

"வாத்தியாரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேள்."

கேட்டேன். "நான்தான் பொய் சொன்னனான், வாத்தியார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஐயா சொல்லித்தந்தபடியே சொன்னேன். வாத்தியார் என் தலையில் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். ஐயா அதைக் கண்டிருக்கமாட்டார்.

"குறை நினையாதேங்கோ" என்று ஐயாவும் இரண்டு பேரையும் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது வாய்க்கால் வரம்பில் ஐயா முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பாமலே, "எங்கடை வீட்டிலை இல்லாதது கனக்க இருக்கு. பொய்யும் இல்லாமல்தான் இருந்தது" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் ஐயா ஒருதரம் போய்ப் பார்ப்பார். "வரம்பு உடைஞ்சிருக்கு ஐயா" என்றால், சரி என்று சொல்லிவிட்டு, தானும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மண்வெட்டியை எடுப்பார். "அம்மா கூப்பிடுறா" என்றால்கூட வீட்டுப் பக்கம் கழுத்தை நீட்டி ஒருக்கால் பார்ப்பார். வேண்டுமென்று செய்ததல்ல. அவருடைய கழுத்துக்கு அது பழக்கமாகிவிட்டது. எனக்கு ஒவ்வொரு முறையும் பிடரியில் ஒரு கால் ஏறும்.

பள்ளிக்கூடத்தில் கதை நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே பிள்ளைகள் கேட்டார்கள், வாத்தியாரும் சொன்னார். ஆனால் வெள்ளம்விழுங்கி மாறிப்போயிருந்தான். தேகப்பயிற்சி செய்து வயிறு ஒட்டிவிட்டதாம், மார்பு அகன்றுவிட்டதாம். "எப்பிடி இருப்பான் எண்டால்…" என்று சொல்லி, ஓவசியரின் மகனை எழுப்பி, கையை மடக்கிக் காட்டச் சொன்னார். அவன் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள்.

இப்போது நினைத்தால் அந்த மனிதரின் பயம் எனக்கு விளங்குகிறது. இருக்க அறை, தின்னச் சோறு, ஊருக்குப் போய்வர ஓவசியரின் ஜீப். அவர் நல்லது செய்ய நினைத்தவர்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீங்களும் பிள்ளை வளர்த்தவர்கள். பகிடி வெள்ளம் என்றார், அதை விழுங்கு என்று எனக்குச் சொன்னார். அந்த வெள்ளத்தைத் திறந்துவிடுகிறவனை ஒருநாளாவது கூப்பிட்டு, மூடடா என்று சொன்னாரா? சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஒரே ஒருநாள் சொல்லியிருக்கலாமே. அந்த வீட்டில் அவர் என்னைப் பற்றி வாய் திறந்தார், அது சிரிப்புக்கு.

சிறுபோகம் வெட்டி, நெற்சூடு மிதித்து முடிந்ததும் அவருக்கு இடமாற்றம் வந்தது. கடைசி நாள் பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும் றோட்டோரம் வந்து நின்றார்கள். ஐயாவும் வந்தார். நாங்கள் ஒவ்வொருவராக வெற்றிலையும் பாக்கும் கொடுத்துக் காலில் விழுந்து எழும்பவேண்டும். ஓவசியரின் மகன் முதலில் விழுந்தான். என் முறை வந்தபோது, எழும்பிய என்னைத் தோளில் பிடித்து வாத்தியார் கொஞ்சம் அப்பால் கூட்டிப்போனார். குனிந்து காதுக்குள் சொன்னார். அவர் கண் நிறைந்திருந்தது.

"தம்பி, அது நீதான். உனக்குத் தெரியும்தானே. நீதான்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவ்வளவு துணிவு எங்கிருந்து வந்ததோ.

"ஐயா அந்தா நிக்கிறார், வாத்தியார். அவரிட்டைச் சொல்லுங்கோ."

அவர் ஐயா நின்ற பக்கம் பார்த்தார். ஐயாவுக்குப் பக்கத்தில் ஓவசியர் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"பஸ் வந்திட்டுது" என்றார்.

பஸ் இன்னும் வரவில்லை. தூரத்தில் புழுதி மட்டும்தான் தெரிந்தது. அவர் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றார்.

ஐயா ஓவசியரிடமிருந்து விலகி என்னிடம் வந்தார். பிள்ளைக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். அந்தச் சிறுபோகத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு.

"என்னடா மோனை, வாத்தியார் காதுக்கை என்ன சொன்னவர்?"

உள்ளதைச் சொன்னால் ஐயா மறுபடி அவரிடம் போய்க் கேட்பார். அவர் மறுபடி இல்லை என்பார். நான் மறுபடி எல்லாருக்கும் முன்னால் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும்.

"நல்லாப் படிக்கச் சொன்னவர், ஐயா" என்றேன்.

ஐயா தலையாட்டினார். அந்த முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை, அப்படியே நம்பினார். என் ஐயாவிடம் நான் சொன்ன முதற் பொய் அதுதான்.